அந்தோனியாருக்குப் பாண், முருகனுக்கு மொட்டை

1

மித்திரா பள்ளிக்கூடத்தால் வந்து, மழைச் சட்டையைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றாள். நோர்வேயில், இந்தப் பேர்கனில் வருடம் முழுக்க மழை. அதனால் எங்கள் வீட்டுக்கு நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஈரமாகத்தான் வந்து சேரும்.

"அம்மா, இங்கெர் ரீச்சர் உங்களை வகுப்புக்கு வரச் சொன்னவ."

"ஏன், என்ன செய்தனீ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. அப்பாதான் செய்தவர்."

விசாரித்தால் கதை இதுதான். பழங்கால மனிதர்கள் கடவுளை எப்படிப் பார்த்தார்கள் என்பது இந்த மாதப் பாடம். எகிப்தியர், கிரேக்கர், இந்த நாட்டுப் பழைய ஆட்கள் என்று பிரித்துக்கொண்டு பிள்ளைகள் படம் கீறிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். "உங்கள் வீட்டில் எப்படி?" என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். எங்கள் மகள் எழும்பி, "என் அப்பா ஒரு கடவுளையும் நம்புவதில்லை. ஆனால் நாலு கடவுளுக்கு நேர்த்திக்கடன் செய்தவர்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். ரீச்சர் மட்டும் சிரிக்காமல், அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்.

"நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான்," என்றாள் மித்திரா. "வரமாட்டம் எண்டு சொல்லுங்கோ. எனக்கு வெக்கம்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இங்கேயே பிறந்தவள். கோபம் வந்தால் நோர்வேஜிய மொழியிலும் பசி வந்தால் தமிழிலும் கதைப்பாள். ஒருமுறை என்னிடம், "நாங்கள் எத்தினை கடவுள் வைச்சிருக்கிறம்?" என்று கேட்டாள், அயலவர் எத்தனை கார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதுபோல. எண்ணி முடியாது என்று சொல்ல மனமில்லாமல், பேச்சைச் சாப்பாட்டுக்கு மாற்றினேன்.

வகுப்புக்கு வருவோம் என்று ரீச்சருக்கு அறிவித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பழைய கதையை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரிலிருக்கும் உங்களுக்கு முதலில் சொல்கிறேன். இதில் பாதியை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

2

என் கணவரின் பெயர் சிவபாதம். புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லக்கூடாது என்பது மாமியின் சட்டம். எழுதினால் சொன்னதாகாது என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

மாமி அவருக்கு அந்தப் பெயரை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பிள்ளைக்குக் கடவுளின் பெயரை வைத்தால், பேசும்போதும் திட்டும்போதும் புண்ணியம் சேரும். மகன் வளர்ந்து இரசாயனம் படித்து, கடவுள் இல்லை என்று சொல்லத் தொடங்கியபோது மாமி அவரை இன்னும் அதிகமாகத் திட்டினார். புண்ணியம் இரட்டிப்பானது.

நாங்கள் கல்யாணம் கட்டிய புதிதில், யுத்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தால் வந்த மாமியும் எங்களோடுதான். கீழ்வீட்டில் வீட்டுக்காரி பிலோமினா அன்ரி. கப்பலில் வேலை செய்த புருஷன் இறந்த பிறகு தனியாக இருந்தார். எதிர்ப்பக்கத்தில் சோமாவதி அக்காவின் சின்னக் கடை. சிங்களப் பெண். மாமிக்கும் அவவுக்கும் பொதுவான மொழி கிடையாது. ஆனாலும் தேங்காய் விலை பற்றி இருவரும் அரை மணித்தியாலம் வாதாடுவார்கள்.

என் கணவர் வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரியில் இரசாயனம் படிப்பித்தார். காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் பஸ்ஸில் வருவார். நோர்வேயில் இருந்த அவருடைய அண்ணன் எங்களைக் கூப்பிடுவதற்கு அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் பஸ் வந்தது, இவர் வரவில்லை. கொள்ளுப்பிட்டியில் பொலிஸார் சோதனைக்கு மறித்து, அடையாள அட்டையைப் பார்த்து, இவரை மட்டும் இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அதே பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். பட்டியலில் இருந்த ஏதோ ஒரு பெயர் இவருடைய பெயரோடு பொருந்திவிட்டதாம்.

மறுநாள் விடிந்ததும் நானும் சோமாவதி அக்காவும் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் நிலையம் ஒன்றின் வாசலில் நின்றோம். எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். சோமாவதி அக்கா எனக்காகக் கதைத்தார். இங்கே இல்லை என்றார்கள். அடுத்ததற்குப் போனோம். அங்கேயும் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் "இருக்கிறார், பார்க்க முடியாது" என்றார்கள். பார்சலை மட்டும் வாங்கினார்கள். இருக்கிறார் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அந்த வாசல் காவலாளியை நான் கும்பிட்டேன். அப்போது அவர்தான் எனக்குத் தெய்வம். அவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

3

அந்தக் கிழமை எங்கள் வீட்டில் நான்கு பெண்கள் வானத்தோடு பேச்சுவார்த்தை நடத்தினோம்.

முதலில் மாமி. மகன் வந்தால் கதிர்காமத்தில் மொட்டை அடிப்பிக்கிறேன், செவ்வாய்க்கிழமைகளில் அவனை விரதம் இருக்கப் பண்ணுகிறேன் என்று முருகனுக்கு நேர்ந்தார். மகனுடைய தலை, மகனுடைய வயிறு. மாமிக்குச் செலவில்லாத நேர்த்தி. அதோடு நிற்கவில்லை. வீட்டுப் பிள்ளையாருக்கு மோதகத்தை நிறுத்திவிட்டார்.

"தம்பியார் அலுவலை முடிக்கட்டும். அதுவரைக்கும் உமக்கும் ஒண்டும் இல்லை," என்று படத்துக்கு முன்னால் நின்று சொன்னதை நானே கேட்டேன்.

கீழ்வீட்டில் பிலோமினா அன்ரி அந்தோனியாரோடு கோபம். மூலை மேசையில் இருந்த சொரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"என்ன அன்ரி, இப்படி?"

"நீ அழாத மகளே. காணாமப் போனதக் கண்டுபுடிச்சுக் குடுக்கிறதுதான் அவருக்கு வேல. வேலயச் செய்யட்டும், பொறகு மூஞ்சியப் பாக்கிறேன்."

மாமி படியில் நின்று இதைக் கேட்டுவிட்டார். "காணாமல் போறதுக்கு என்ர மகன் என்ன குடையே?" என்றார்.

"குட வந்துச்சே அம்மா! போன மாரிக்கு பஸ்ல விட்ட குட, மூணாம் நாள் வூட்டுக்கு வந்துச்சு."

மாமி யோசித்தார். குடையைக் கொண்டுவந்தவரை இலேசில் தள்ளிவிட முடியாது. "உங்கட அந்தோனியார் கடவுளோ?" என்று கேட்டார்.

"கடவுள் இல்ல. புனிதர். கடவுள்கிட்ட நம்ம விசயத்த எடுத்துச் சொல்றவர்."

"அப்ப கந்தோரில பியோன் மாதிரி," என்றார் மாமி. "பியோனைப் பிடிச்சால்தான் அலுவல் நடக்கும். நானும் வாறன்."

இருவரும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்துபோனார்கள். திருநீறு பூசியபடியே மாமி மெழுகுதிரி கொளுத்தினார். அங்கே அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணும் குங்குமப் பொட்டோடுதான் நின்றாளாம். அந்த இடத்தில் பிலோமினா அன்ரி தன்னுடைய நேர்த்தியைச் சொன்னார்: அயலில் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் இவர் வந்ததும் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து முழங்காலில் நிற்பார், ஏழைகளுக்குப் பாண் கொடுப்பார், தானும் ஒரு துண்டு சாப்பிடுவார்.

எதிர்க்கடைச் சோமாவதி அக்கா என்னைக் கூப்பிட்டு, "நங்கி, பய வென்ட எபா" என்றார். தங்கச்சி, பயப்படாதே என்று அர்த்தம். தன் முந்தானையில் முடிந்திருந்த ஒரு நாணயத்தைக் காட்டினார். கதரகம தெய்யோவுக்கு முடிந்ததாம். மாஸ்டர் வந்தால் பழத்தட்டை அவரே தலையில் சுமந்து வருவார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இதை நான் மாமியிடம் சொன்னபோது மாமிக்குக் கோபம் ஏறிவிட்டது. "கதரகம தெய்யோ எண்டால் எங்கட கதிர்காமக் கந்தனல்லோ! நான் அவரிட்ட ஏற்கெனவே சொல்லிப்போட்டன். ஒரே அலுவலுக்கு ஒரே ஆளிட்ட ரெண்டு மொழியில விண்ணப்பம் போட்டால் அவர் என்னெண்டு விளங்குவார்?"

"ரெண்டு மொழியும் அரசகரும மொழிதானே மாமி," என்றேன். அந்தக் கிழமையில் நான் சொன்ன ஒரே பகிடி அது. சொல்லிவிட்டு அழுதேன்.

நான் மட்டும் பேரம் பேசவில்லை. சந்தி மாரியம்மனிடம் போய் நின்று, "ஒரு மயிரும் கெடாமல் அவரைத் திருப்பித் தா, தாயே" என்று மட்டும் கேட்டேன். ஆனாலும் வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல், அம்மனுக்குச் சிவப்புச் சேலை சாத்துகிறேன் என்றேன்.

4

ஒரு கிழமைக்கு மேல் போனது. ஒருநாள் மத்தியானம் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தாடியோடு ஒருவர் ஒழுங்கைக்குள் நடந்து வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். பிச்சைக்காரர் என்று நினைத்த பிலோமினா அன்ரி பாண் எடுக்க உள்ளே போய்விட்டார். பாணோடு திரும்பி வந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு, "அந்தோனியாரே!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில்தான் அது என் கணவர் என்று எனக்கு உறைத்தது.

அவர் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை பெண்கள் பொறுத்திருந்தார்கள். பிறகு தொடங்கியது.

"இன்டைக்கு என்ன கிழம? செவ்வாக்கிழம! அந்தோனியார் நாள்!" என்றார் பிலோமினா அன்ரி.

"செவ்வாய் முருகனுக்கும் நாள்தான்," என்றார் மாமி.

சோமாவதி அக்கா வாசலில் நின்று முடிச்சைக் காட்டினார். நான் இவருடைய தலையில் ஒரு மயிரும் குறையவில்லை என்பதைக் கண்ணால் சரிபார்த்தேன்.

"ஏன் விட்டவங்கள்?" என்று மாமி கேட்டார்.

"போ எண்டாங்கள். வந்தனான்," என்றார் இவர்.

நேர்த்திகளைக் கேட்டால் இவர் சிரிப்பார், இல்லையென்றால் சண்டை பிடிப்பார் என்று நான் பயந்தேன். கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதோடு தன் பக்தியை முடித்துக்கொள்கிறவர் அவர். ஆனால் நான்கையும் தலைகுனிந்து கேட்டுவிட்டு, "சரி, செய்வம்" என்றார். மாமி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். தெய்வங்கள் மகனையும் மீட்டு அவனுக்குப் பக்தியையும் கொடுத்து ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுத்திவிட்டன என்று அதற்கு அர்த்தம்.

நடைமுறையில்தான் சிக்கல் வந்தது. செவ்வாய்க்கிழமை முருகனுக்காக ஒன்றும் சாப்பிடக்கூடாது. அதே செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்காகப் பாண் சாப்பிட வேண்டும். மாமியும் அன்ரியும் படிக்கட்டில் இருந்து வழக்குத் தீர்த்தார்கள்.

"பாணில முட்டை கிட்டை போடுறவங்களோ?"

"ஐயோ இல்ல அம்மா. மாவும் உப்பும் ஈஸ்ட்டும்தான்."

"அப்ப பொழுதுபட்டாப் பிறகு சாப்பிடட்டும். விரதத்தையும் பாணோட முடிக்கட்டும்."

அப்படியே நடந்தது. கடவுள் இல்லை என்று ரியூட்டரியில் பிள்ளைகளுக்கு விளக்கம் கொடுத்தவர், செவ்வாய்க்கிழமைகளில் பட்டினியாகக் கொச்சிக்கடையில் முழங்காலில் நின்றார். மற்றவர்கள் எழும்பிப் போன பிறகும் நின்றார். கூடப் போன பிலோமினா அன்ரி, "உங்கட மகன் புனிதராகிடுவாரு போல இருக்கே" என்று மாமியிடம் சொன்னார்.

மொட்டை விஷயத்தில்தான் மாமிக்கும் எனக்கும் பொருந்தவில்லை. "மயிரும் கெடாமல் தா எண்டு நான் அம்மனிட்ட கேட்டனான்," என்றேன்.

"அதை நான் முருகனுக்கு எழுதிக் குடுத்திட்டன். தாயும் மகனும் தங்களுக்குள்ள பேசித் தீர்க்கட்டும்," என்றார் மாமி.

அதற்குள் நோர்வே விசா வந்துவிட்டது. கடவுச்சீட்டுப் படத்தில் இவருக்குக் கட்டைக் கறுப்பு மயிர். மொட்டையோடு விமான நிலையத்தில் போய் நின்றால், இது நீயில்லை என்று மறுபடியும் பிடிப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் முருகனைவிடக் குடிவரவுக்காரருக்குப் பயப்பட வேண்டியிருந்தது. எல்லாருமாகக் கதிர்காமத்துக்குப் போனோம். இவர் சோமாவதி அக்காவின் பழத்தட்டைத் தலையில் சுமந்தார். அந்தத் தலைக்கு மட்டும் மாமி முருகனிடம் தவணை கேட்டார்.

5

பேர்கனுக்கு வந்த பிறகு மாமி ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனில் கேட்ட முதல் கேள்வி, "மொட்டை?" இரண்டாவது கேள்விதான் "சுகமோ?"

கடைசியில் ஒரு மாசி மாதத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, குளியலறையில் வைத்து நானே அவருக்கு மழித்துவிட்டேன். மறுநாள் இவர் மொழி வகுப்புக்குப் போனார். ஆசிரியை அதிர்ந்து என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார். 'கடவுளுக்குத் தலைமயிரைக் கொடுத்தேன்' என்று சொல்லப் போய், 'கடவுள் தலைமயிரை எடுத்துவிட்டார்' என்று சொல்லிவிட்டார். பின்னேரம் வகுப்பிலிருந்து மூன்று பேர் பூங்கொத்தும் கேக்கும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து, இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன என்றாள். எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணீர் போட்டேன்.

மயிர் கதிர்காமத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது மாமியின் தீர்ப்பு. தபால் கந்தோரில் பார்சலுக்குள் என்ன என்று கேட்டார்கள். மனித மயிர் என்றேன். விற்பனைக்கா, மாதிரியா, அன்பளிப்பா என்றார்கள். அன்பளிப்பு என்றேன். பெறுமதி? ஒன்றுமில்லை என்றேன். பெறுமதி இல்லாத பொருளை ஏன் இவ்வளவு செலவழித்து அனுப்புகிறாய் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கண்ணால் கேட்டாள்.

6

வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். காரோட்டி வந்த இவர் கடைசி வரிசையில் ஒரு சின்னக் கதிரையில் முழங்கால் மேலே தூக்க இருந்தார். மித்திரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடக்கத்திலேயே வழுக்கினேன். நேர்த்திக்கு நோர்வேஜிய மொழியில் சொல்லும் சொல்லும், தூக்குவது என்ற சொல்லும் ஒன்றுதான். நாங்கள் கடவுளுக்கு நேர்ந்தோம் என்று நான் சொல்ல, கடவுளைத் தூக்கினோம் என்று ஒரு பெடியன் விளங்கிக்கொண்டு, "எத்தனை கிலோ?" என்று கேட்டான். திருவிழாவில் அதுவும் செய்வோம், கனம்தான் என்றேன்.

பிலோமினா அன்ரி சொரூபத்தைத் திருப்பி வைத்ததைச் சொன்னபோது இங்கெர் ரீச்சர் துள்ளினார். எகிப்தியரும் தங்கள் தெய்வங்களை வெருட்டியிருக்கிறார்களாம், காரியம் நடக்காவிட்டால் படையல் கிடையாது என்று. நீ தா, நான் தருகிறேன் என்பதுதான் உரோமருடைய பக்தியாம். இந்த நாட்டிலும் கிறிஸ்தவம் வந்த புதிதில், தரையில் கிறிஸ்துவையும் கடலில் இறங்கினால் தோர் என்ற பழைய இடித் தெய்வத்தையும் கும்பிட்ட ஆட்கள் இருந்தார்களாம்.

"அவர்கள் கொட்டாஞ்சேனைக்காரர்கள்," என்றேன். ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதப் போனார். தடுத்துவிட்டேன்.

அப்போது கிலோ கேட்ட அதே பெடியன் கையை உயர்த்தினான். "கடைசியில் எந்தக் கடவுள் விடுவித்தது?"

நான் இவரைப் பார்த்தேன். இவ்வளவு வருடமும் எங்கள் வீட்டில் சிரித்துச் சிரித்து விவாதித்த கேள்வி. வழக்கமாக இவர் யாருக்குத் தெரியும் என்பதுபோலத் தோளைக் குலுக்குவார். அன்றைக்கு அந்தச் சின்னக் கதிரையிலிருந்து எழும்பினார்.

"ஒரு காலையில் ஒரு அதிகாரி வந்து சிவபாதம் என்று கூப்பிட்டார்," என்றார். "நாங்கள் இரண்டு பேர் எழும்பினோம். எனக்குப் பக்கத்தில் படுத்தவனுக்கும் அதே பெயர். முதல் எழுத்தும் அதேதான். என்னைவிட இளையவன். இரண்டு பாதமும் ஒரே அறைக்குள் என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தோம். அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என்னைக் காட்டி, நீ போ என்றார். அவனை இருக்கச் சொன்னார். தாளில் எந்தச் சிவபாதம் இருந்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை."

மித்திரா ஜன்னலிலிருந்து திரும்பியிருந்தாள்.

"அவனுக்கு என்ன நடந்தது?" என்று அவள்தான் கேட்டாள்.

"தெரியாது. விசாரித்தேன். யாரும் சொல்லவில்லை. அவனுடைய வீட்டிலும் நாலு பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் நேர்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டார்தான் நன்றாகக் கும்பிட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வது?"

"அப்ப ஏன் அப்பா எல்லாம் செய்தனீங்கள்?" மித்திரா தமிழில் கேட்டாள். வகுப்புக்கு முன்னால் அவள் தமிழ் கதைத்தது அதுதான் முதல் முறை.

"சொன்னால் வீட்டில இருந்த சந்தோசம் போயிடும். அந்தச் செவ்வாய்க்கிழமையள் நல்லதாப் போச்சு. முழங்காலில நிண்டு அவனை நினைக்கிறதுக்கு எனக்கு வேற இடம் இருக்கேல்லை."

எனக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் என் பக்கத்திலே படுத்து எழும்பிய மனுஷன்.

7

அன்றிரவே மாமிக்கு எடுத்தோம். பிலோமினா அன்ரி இப்போது இல்லை. மாமி வெள்ளவத்தையில் என் மச்சாளோடு இருக்கிறார். அங்கே மறுபடியும் பொலிஸ் சோதனையும் பதிவும் கூடிவிட்டதாம். மகன் தாயிடம் தானே சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் மித்திராவும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ரெலிபோன் காட் முடிந்து தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம்.

"அந்தப் பிள்ளையின்ர ஊர்?" என்று மாமியின் குரல் வந்தது.

"கேக்கேல்லை அம்மா."

"தேப்பன்ர பேர்?"

"தெரியாது."

"மடையா," என்றார் மாமி. "ஒரு கிழமை பக்கத்தில படுத்திருக்கிறாய். நான் இவ்வளவு காலமும் எல்லாம் என்ர பிரார்த்தனையால எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வை போனை" என்றார்.

கோபம் என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மச்சாள் எடுத்துச் சொன்னாள். மறுநாள் காலையிலேயே மாமி முழங்கால் வலியோடு கோயிலுக்குப் போய், சிவபாதம் என்ற பெயருக்கு ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்கியிருக்கிறார். ஐயருக்கு மாமியை நன்றாகத் தெரியும். மகனுடைய நட்சத்திரத்தைத் தானாகவே சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

"இது அவனுக்கில்லை ஐயா. மற்றச் சிவபாதத்துக்கு."

"அவருக்கு என்ன நட்சத்திரம்?"

"தெரியாது."

"கோத்திரம்? ஊர்?"

"ஒண்டும் தெரியாது."

"விவரம் ஒண்டும் இல்லாமல் எப்படி அம்மா?" என்று ஐயர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாராம்.

மாமி வாங்கவில்லை. "கொண்டுபோனவங்கள் விவரம் பாத்தே கொண்டுபோனவங்கள்? நீர் பேரைச் சொல்லி மணியை அடியும் ஐயா," என்றாராம்.